தண்டுவடம் அடிபட்டபின்: வாழும் வித்தையைக் கற்றுக்கொடுப்பவர் யார்?

தென்னையிலிருந்து தவறி விழுந்தவர்களும், கட்டடச் சாரம் சரிந்து கீழே வந்தவர்களும், நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் புரண்டு தூக்கியெறியப்பட்டவர்களுமாக, முதுகுத் தண்டுவடம் நசுங்கி நம் ஊர் மருத்துவமனைகளுக்கு வந்து சேருகிறவர்களில் பெரும்பாலோர் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் பிராயத்தினர். அறுவை சிகிச்சை முடிந்து, உடைந்த முள்ளெலும்பு உலோகக் கம்பிகளால் பிணைக்கப்பட்டு, தையலும் பிரித்தான பிறகு அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கையில் மருந்துச் சீட்டும், எடுத்த படங்கள் அடங்கிய உறைகளும் இருக்கும். அன்றிரவு எந்தப் பக்கமாகப் படுப்பது, மறுநாள் காலைக் கடனை எப்படிக் கழிப்பது, கீழே விழுந்தால் தூக்கிவிட ஆளில்லாதபோது என்ன செய்வது என்ற விஷயங்கள் அந்தச் சீட்டில் எழுதப்படுவதில்லை. எழுதுகிற மருத்துவருக்கும் அவை பெரும்பாலும் புத்தக ஞானமாக மட்டுமே தெரியும்.

தண்டுவடம் என்பது மூளையின் அடியிலிருந்து புறப்பட்டு, முதுகெலும்பின் நடுக்குழாய் வழியே இடுப்பின் மேற்பகுதி வரை இறங்குகிற நரம்புக் கற்றை. மூளையின் கட்டளை அதன் வழியாகத்தான் அவயவங்களுக்குப் போகிறது. அவயவங்களின் உணர்ச்சியும் அதன் வழியாகத்தான் மூளைக்குத் திரும்புகிறது. அடி எந்த இடத்தில் விழுந்ததோ அதற்குக் கீழே அசைவும் உணர்வும் குறைகின்றன, அல்லது அடியோடு போய்விடுகின்றன. மார்பிலோ இடுப்பிலோ பட்டால் கால்களும், கழுத்தில் பட்டால் கைகளும் சேர்ந்தே செயலிழக்கும். வெளியிலிருந்து பார்ப்போர் கண்ணில் படுவது நடக்க முடியாமை ஒன்றுதான். ஆனால் அந்தச் சரீரத்தில் குடியிருப்பவரைக் கேட்டால், கால்களைப் பற்றிய கவலை கடைசியில் வருவது என்றும், சிறுநீரும் மலமும் தோலும் தாம் தம்முடைய நாளை நடத்துகின்றன என்றும் சொல்வார்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய காலத்தில் இப்படி அடிபட்டவர்கள் நெடுநாள் உயிர்வாழ்வது அபூர்வம். சிறுநீர்ப் பாதையில் தொற்று ஏறியோ, படுக்கைப்புண் அழுகியோ அவர்கள் இறந்து போவதை மருத்துவ உலகம் விதியென்றே ஏற்றுக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலிருந்து ஹிட்லரின் ஆட்சிக்கு அஞ்சி இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த நரம்பியல் மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-ஆம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் என்ற ஊரில் தண்டுவடக் காயங்களுக்கென்றே ஒரு பிரிவைத் தொடங்கி, நோயாளிகளை இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கும் வழக்கத்தைக் கண்டிப்புடன் நடத்தி, அந்த விதியை மாற்றினார். 1948 ஜூலை 29 அன்று அவர் அங்கே பதினாறு பேரை வைத்து நடத்திய வில்வித்தைப் போட்டி, பிற்காலத்துப் பாராலிம்பிக் விளையாட்டுகளின் வித்து என்பது பலரும் அறிந்த செய்தி. அதைவிடக் குறைவாகப் பேசப்படுகிற, ஆனால் என் அபிப்பிராயத்தில் அதைவிடப் பெரிய காரியம், ஒரே விதமாக அடிபட்டவர்களை ஒரே கூடத்தில் அவர் சேர்த்து வைத்தது. நேற்று வந்தவன் ஆறு மாதத்துக்கு முன் வந்தவனைப் பார்த்தான். அவன் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும், சட்டை போட்டுக்கொள்வதையும், வேடிக்கை பேசிச் சிரிப்பதையும் பார்த்தான்.

இந்தப் பார்வைக்கு ஒரு கொள்கை வடிவம் கிடைத்தது அமெரிக்காவில். இளம்பிள்ளை வாதத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்து, இரும்பு நுரையீரல் என்னும் சுவாச எந்திரத்தின் துணையோடு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்த எட் ராபர்ட்ஸும் அவர் நண்பர்களும் 1972-இல் பெர்க்லி நகரில் அமைத்த சுதந்திர வாழ்வு மையத்தில், புதிதாக வருகிறவருக்கு யோசனை சொல்லும் பொறுப்பை, அதே நிலையில் வாழ்கிறவர்களிடமே ஒப்படைத்தார்கள்.

நம் நாட்டில் இதற்கு முன்னோடியாக நின்றவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற அவர், 1954-ஆம் ஆண்டு சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் போன வழியில் வண்டி கவிழ்ந்து, முகத்தில் கொடிய காயமும் முதுகில் முறிவும் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையில் பெயர்பெற்ற பால் பிராண்டு, அந்த வேலையை உட்கார்ந்தே செய்யலாமே என்று அவருக்கு எடுத்துச் சொன்னார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி மேரி வர்கீஸ் கத்தியைக் கையில் எடுத்தார். கைகள் பயனற்றுப்போய் வந்த நோயாளிகள், கால்கள் பயனற்றுப்போன ஒரு பெண் தங்கள் கைகளைச் சீர்செய்வதைக் கண்டார்கள். எத்தனை உபதேசம் செய்தாலும் உண்டாகாத நம்பிக்கை அந்தக் காட்சியில் அவர்களுக்கு உண்டாகியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. பின்னர் அவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தமக்கே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க் என்பவரிடம் அதே துறையைப் படித்துத் திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரை அடுத்த பாகாயத்தில் எழுந்த மறுவாழ்வு நிலையம், தண்டுவடம் பாதிக்கப்பட்டோரை உள்நோயாளிகளாக வைத்துப் பயிற்றுவிப்பதில் நாட்டிலேயே முதன்மையானவற்றுள் ஒன்று. 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அந்த நிலையத்தில் ஆண்டுதோறும் ‘ரீஹேப் மேளா’ என்ற பெயரில் ஒரு கூட்டம் நடக்கிறது. பயிற்சி முடித்து ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்து உடல் பரிசோதனை செய்துகொள்வதோடு, விளையாட்டும் பாட்டுமாகச் சேர்ந்து பொழுதைக் கழிக்கிறார்கள். மருத்துவர் சுற்றிவந்து போன பிறகு, இப்படிக் கூடுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சில்தான் நம் கட்டுரையின் விஷயம் அடங்கியிருக்கிறது. அடிபட்டு மூன்று மாதமே ஆன பையன் மருத்துவரிடம் கேட்கக் கூசுகிற கேள்வியை, பத்து வருஷமாக நாற்காலியில் இருக்கும் ஒருவரிடம், “அண்ணே, பஸ்ல போறப்ப ஒண்ணுக்கு முட்டிச்சுன்னா என்ன பண்ணுவீங்க?” என்று சர்வசாதாரணமாகக் கேட்டுவிடுகிறான். “முட்டறது உனக்கு எங்கடா தெரியப்போகுது? மணியைப் பார்த்து எடுத்துடணும்” என்று அவரும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறார். வெள்ளம் போகிற ஆற்றைக் கடக்க வேண்டியவன் பரிசல்காரனிடம் ஆழம் கேட்பது போன்றது அது.

அந்தப் பதிலின் பொருளைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பை நிரம்பியது தெரியாதவர்கள், மெல்லிய குழாயைத் தாமே செலுத்தி, நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு தடவை, நேரம் தவறாமல் சிறுநீரை வெளியேற்றும் முறையை 1972-இல் ஜாக் லேப்பிடஸ் என்ற அமெரிக்க மருத்துவர் பிரசித்தப்படுத்தினார். பையில் ஏறத்தாழ அரை லிட்டருக்கு மேல் தேங்கவிடக் கூடாது என்பதும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பதும் மருத்துவர் சொல்லும் பாடம். வெளியூர் போகும் நாளில் தொல்லை வேண்டாமென்று தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடத் தோன்றும், அப்படி இருந்தால் கல்லும் காய்ச்சலும் வந்து சேரும் என்று எச்சரிப்பது அனுபவஸ்தரின் பாடம். மலம் கழிப்பதும் அப்படித்தான்: தினமும் ஒரே வேளையில், சூடாக ஏதேனும் குடித்தோ உண்டோ அரைமணி நேரத்துக்குள் உட்கார்ந்தால் குடல் தன் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். நடுவில் துளையிட்ட நாற்காலியை வீட்டுக் கக்கூஸின் மேல் பொருந்தும்படி செய்துகொள்வதற்கு உள்ளூர்ப் பட்டறைக்காரரே போதும்.

இவற்றையெல்லாம் பத்திரிகையில் எழுதுவதா என்று முகம் சுளிக்கும் வாசகர் இருக்கலாம். அவர் வீட்டில் யாருக்கும் இந்த அறிவு தேவைப்படாதிருக்கட்டும் என்றே நான் விரும்புகிறேன்.

எல்லாவற்றிலும் சிரத்தை அதிகம் வேண்டுவது தோல். வலி தெரியாத இடத்தில் ஒரே பக்கமாக உடலின் பாரம் அழுந்தினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கிவிடும். அப்படி உண்டான புண் ஆறுவதற்கு மாதங்கள் ஆகலாம், எலும்பு வரை போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே நாற்காலியில் இருப்பவர் கால்மணிக்கும் அரைமணிக்கும் இடையே ஒரு தடவை கைகளை ஊன்றி உடலைத் தூக்கியோ, பக்கத்துக்குப் பக்கம் சாய்ந்தோ பாரத்தை மாற்ற வேண்டும். இரவில் படுத்த பிறகு கண்ணாடி பிடித்துப் பின்புறத்தில் சிவப்பு தட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால்சட்டையின் பின்பையில் பர்ஸோ சாவியோ வைக்கக் கூடாது, தடித்த தையல் ஓரம் உள்ள ஜீன்ஸ் ஆகாது, வெயிலில் நின்ற ஸ்கூட்டரின் இருக்கையில் தண்ணீர் தெளிக்காமல் உட்காரக் கூடாது, சூடான சோற்றுத் தட்டை மடியில் வைத்து உண்ணக் கூடாது என்பன போன்ற நுட்பங்களைச் சுட்டுக்கொண்டவர்களும் புண்பட்டவர்களும்தாம் நமக்குச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காயத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால் சித்திரை வைகாசியில் ஈரத்துண்டு உடம்பில் கிடக்க வேண்டும் என்பதும் அவர்கள் சொல்லித் தெரிவதே.

நடுமார்புக்கு மேல் அடிபட்டவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலியும், முகத்தில் வியர்வையும், சிவப்பும் வந்தால், ரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பையோ, மடங்கிய குழாயோ, இறுகிய மலமோதான் காரணம். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான ஆடையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை அறியாத சிறிய மருத்துவமனைகள் உண்டு என்பதால், நோயாளியே சொல்லத் தெரிந்திருப்பது க்ஷேமம்.

பெண்களின் விஷயம் தனியாகச் சொல்லத்தக்கது. மாதவிலக்கு நாட்களைச் சமாளிப்பது, கணவனோடு வாழ்வது, கருவுற்றால் குழந்தையைப் பெற்றெடுப்பது ஆகிய எல்லாமே தண்டுவடம் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் சாத்தியம். ஆனால் சாத்தியம் என்று அவளுக்குச் சொல்ல இன்னொரு பெண் வேண்டும், அதுவும் பெற்று வளர்த்த ஒருத்தியாக இருந்தால் உத்தமம். பராமரிக்கிற மனைவிக்கும் தாய்க்கும்கூட இப்படிப்பட்ட துணை தேவை. அவர்களுடைய முதுகுவலியையும் தூக்கமின்மையையும் யாரும் விசாரிப்பதில்லை.

இப்படிப்பட்ட துணையை ஓர் அமைப்பாகவே வளர்த்தவர்களும் உண்டு. தென்காசிக்கு அருகேயுள்ள ஆய்க்குடியில், 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச் சிதைவு நோயோடு வாழும் பட்டயக் கணக்கர் எஸ். சங்கரராமன் பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார். தண்டுவடம் பாதிக்கப்பட்டோருக்கு மறுவாழ்வுப் பயிற்சி தருவதோடு, சுற்றுக் கிராமங்களில் ஊனமுற்றோரின் சுய உதவிக் குழுக்களையும் அந்தச் சங்கம் வளர்த்திருக்கிறது. நடத்துகிறவர்களே நாற்காலியில் இருப்பதால், அங்கே போகிறவருக்கு யாரும் எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. கடல் கடந்து இலங்கையின் வடபுலத்திலும், போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்கள் ‘உயிரிழை’ என்ற பெயரில் தாங்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்திருக்கிறார்கள்.

சர்க்கார் உதவி பெறும் வழியிலும் முன்னால் போனவரின் துணை பெரும் பிரயோஜனம். ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வகை ஊனங்களை அங்கீகரிக்கிறது. தனித்துவ அடையாள அட்டை பெறுவதும், இருபக்கமும் துணைச் சக்கரம் பூட்டிய ஸ்கூட்டருக்கோ மாதாந்திரப் பராமரிப்புத் தொகைக்கோ மனுப் போடுவதும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாக நடப்பவை. எந்தச் சான்றிதழை முதலில் வாங்க வேண்டும், எந்த நகலை மறந்தால் மறுபடி அலைய வேண்டும் என்பதை அலுவலகத்தின் அறிவிப்புப் பலகையைவிட, ஏற்கெனவே அலைந்தவர் தெளிவாகச் சொல்வார். வாசலில் சரிவுப் பாதை கட்டும்போது ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்று கொத்தனாரிடம் வற்புறுத்தவும் அவரே தைரியம் கொடுப்பார்.

சக நோயாளி சொல்வதெல்லாம் வேதவாக்கென்று நான் சொல்லவில்லை. ஒருவருடைய அடியும் இன்னொருவருடைய அடியும் ஒன்றல்ல. அவருக்குப் பலித்த மாத்திரை இவருக்குத் தீங்காகலாம். காய்ச்சலுக்கும், புண்ணில் துர்நாற்றத்துக்கும், புதிதாகத் தோன்றும் வீக்கத்துக்கும் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். இன்னும் ஒன்று: அறுந்த தண்டுவடத்தைப் பழையபடி ஆக்கும் சிகிச்சை இன்று எங்கும் இல்லை. ஸ்டெம் செல் ஊசியால் நடக்கவைக்கிறோம் என்று லட்சக்கணக்கில் பணம் பறிப்பவர்களிடம் நிலத்தை விற்றுக் கொடுத்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த வலையிலிருந்து புதியவர்களைத் தடுத்து நிறுத்தக்கூடியவர்களும், அதில் ஒருமுறை சிக்கி மீண்டவர்களே.

ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் நிறைவேற்றி, 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையின் 26-ஆவது பிரிவு, மறுவாழ்வுக்கான வழிகளில் ஒன்றாகச் சக ஊனமுற்றோரின் துணையை வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. எலும்பு முறிவுப் பிரிவு உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும், சக்கர நாற்காலியில் வாழ்ந்து பழகிய ஆண் ஒருவரையும் பெண் ஒருவரையும் சம்பளம் கொடுத்து நியமிக்க அதிகம் செலவாகாது. அது நடக்கும் வரையில், உங்கள் உறவினரோ அண்டை வீட்டாரோ இப்படி அடிபட்டுப் படுத்திருந்தால், வீட்டுக்கு அனுப்பும் நாளுக்கு முன்பாகவே மருத்துவரிடம், இதே அடியோடு வாழ்கிற ஒருவரை எங்களுக்கு அறிமுகம் செய்து வையுங்கள் என்று கேளுங்கள்; அவர் வந்ததும் நோயாளியோடு ஒரு மணி நேரம் தனியாகப் பேசவிட்டு, நீங்கள் வெளியே போய் நில்லுங்கள்.