ஐஸ் பாரின் வெள்ளை நடு

பங்குனி வெயில் ஏறிவிட்டால் பேரையூர் சர்பத் கடைகளில் ஐஸ் பார் வந்து இறங்கும். சாக்கை விலக்கிப் பாருங்கள். ஓரமெல்லாம் கண்ணாடி, நடுவில் மட்டும் வெள்ளையாக ஒரு தண்டு. அழுக்குத் தண்ணீர் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பெரும்பாலும் அது வெறும் காற்று.

தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறது. மீன் உயிர்வாழ்வதே அதனால்தான். ஆனால் உறைந்த நீரின் படிகக் கட்டுக்குள் காற்றுக்கும் உப்புக்கும் கிட்டத்தட்ட இடமே இல்லை. உறையும் விளிம்பு இவற்றை எதிரிலுள்ள தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டே நகர்கிறது. ஐஸ் பேக்டரியில் தண்ணீர் நிரப்பிய தகரப் பெட்டிகளை, பூஜ்யத்துக்கும் பல டிகிரி கீழே குளிர்ந்த உப்புநீரில் இறக்குகிறார்கள். நாலு பக்கமும் குளிர் நெருக்க, தள்ளப்பட்டதெல்லாம் நடுவில் சேர்கிறது. அதற்குமேல் போக்கிடம் இல்லை. காற்று நுண்குமிழ்களாகப் பிரிந்து சிறைப்படுகிறது. அவை ஒளியைச் சிதறடிப்பதால் வெள்ளை. போர்த் தண்ணீர் என்றால் அதன் உப்புகளும் அங்கேதான் ஒதுங்கும்.

தெளிந்த ஐஸ் வேண்டுவோர் உறையும்போது குழாய் வழியே காற்றை ஊதி நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். காற்றை விரட்டக் காற்று! கடைசியில் நடுவில் தேங்கும் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, நல்ல நீரை ஊற்றுவதும் உண்டு.

ஏரிக்கு இந்த வித்தை தேவையில்லை. மேலிருந்து கீழாக ஒரே திசையில் உறைவதால் காற்று அடிநீருக்குப் போய்விடும். அப்படி அமெரிக்க ஏரிகளில் அறுத்த பனிக்கட்டியை பிரெடரிக் டியூடர் 1833-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேற்றினார். சென்னைக்கு வந்த சரக்குக்காக 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம்.

வீட்டிலும் செய்யலாம். சிறிய தெர்மோகோல் பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வையுங்கள். குளிர் மேலிருந்து மட்டும் இறங்கும். அடியில் கொஞ்சம் நீர் மிஞ்சும்போதே எடுத்துவிட வேண்டும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலே போதும் என்பார்கள். ஆறும்போது காற்று மறுபடி கரைந்துவிடும், பலன் கொஞ்சம்தான்.

தெளிவாக இருப்பதாலேயே சுத்தம் என்று நம்ப வேண்டாம். உறைந்தாலும் பல கிருமிகள் சாவதில்லை. உண்ணத் தகாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்கும்படி 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் சொல்லியிருக்கிறது. சர்பத் கடையில் நீல ஐஸைக் கண்டால் வாங்காதீர்கள். வெள்ளை ஐஸ் என்றால், எந்தத் தண்ணீர் என்று கேளுங்கள்.