தகடூர் நெல்லியும் குப்பியில் வெள்ளைத் தூளும்

காரிமங்கலம் இருப்பது தகடூர் மண்ணில். தருமபுரியின் பழைய பெயர் அது. ஏற முடியாத மலைப்பிளவில் விளைந்த, நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி அதியமானுக்குக் கிடைத்தது. அதன் அருமையைச் சொல்லாமலே அவன் அதை ஔவைக்குக் கொடுத்தான். புறநானூற்றில் பதிவான செய்தி இது. மூப்பைத் தள்ளிப்போடும் ஆசை அன்று ஒரு கனியில் இருந்தது. இன்று உலகத்துச் சோதனைச்சாலைகளில் அந்த ஆசை சிறு கண்ணாடிக் குப்பிகளுக்குள், மைனஸ் 20 டிகிரிக் குளிரில், வெள்ளைத் தூளாக இருக்கிறது. செயற்கைப் பெப்டைடு என்று அதைச் சொல்கிறார்கள்.

செல்லுக்கு முதுமை உண்டு என்பதே ஒரு காலத்தில் அறிவியலுக்குத் தெரியாது. அலெக்சிஸ் காரெல் 1912-இல் நியூயார்க்கில் கோழிக் கருவின் இதயத் திசுவை வளர்க்கத் தொடங்கினார். அந்த வளர்ப்பு 1946 வரை நீடித்தது. உடலுக்கு வெளியே வளர்த்தால் செல்லுக்குச் சாவே இல்லை என்று எல்லோரும் நம்பினார்கள். 1961-இல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் அதை உடைத்தார்கள். மனிதச் செல் ஏறக்குறைய 50 முறை பிரிந்தபின் நின்றுவிடுகிறது. நின்ற செல் உடனே சாவதில்லை. கிழடு தட்டி அங்கேயே இருந்துகொண்டு, அக்கம்பக்கத்துச் செல்களில் அழற்சியைத் தூண்டும் பொருள்களைக் கசியவிடுகிறது என்பது பிறகு தெரியவந்தது.

பெப்டைடின் கதையும் அப்படி மாறியதுதான். சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி பெப்டைடு, நீண்டால் புரதம். அன்று அதை உயிரிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள்; இன்சுலின் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து வந்தது. 1953-இல் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஆக்சிடோசினைச் சோதனைச்சாலையில் உருவாக்கியதே வின்சென்ட் டு விக்னியோவுக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த வேலை. 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு வழியை எளிதாக்கினார். பூக்கட்டுகிறவர் நாரின் ஒரு முனையைக் கால் விரலில் மாட்டிக்கொள்வதுபோல, முதல் அமினோ அமிலத்தை ரெசின் மணியில் மாட்டிவிட்டு, அடுத்தடுத்துச் சேர்த்தார். ஒவ்வொரு முறையும் மிச்சத்தைக் கழுவிவிட்டால் போதும். இன்று அந்த வேலையை இயந்திரம் செய்கிறது.

அதே 1963-இல் சென்னையில் நடந்ததை நம் பிள்ளைகள் அவசியம் அறிய வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 1952-இல் வந்த ஜி.என். ராமச்சந்திரனிடம், கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்று ஜே.டி. பெர்னால் சொல்லிவிட்டுப் போனார். தோலையும் தசைநாரையும் எலும்பையும் தாங்குகிற புரதம் அது. கங்காருவின் வால் தசைநாரை ஆஸ்திரேலியாவிலிருந்து வரவழைத்து எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ராமச்சந்திரன் 1954-லும் 1955-லும் வெளியிட்ட விடை: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு, இழையில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம். அணுக்கள் இவ்வளவு நெருங்கி நிற்க முடியாது என்று மேல்நாட்டில் ஆட்சேபம் எழுந்தது. அவர் சளைக்கவில்லை. எவ்வளவு நெருங்கலாம், சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் கணக்கிட்டார். அதன் பலன்தான் 1963-இல் வெளியான ராமச்சந்திரன் வரைபடம். பெப்டைடு கட்டும் எளிய வழி அமெரிக்காவில் பிறந்த ஆண்டிலேயே அது எப்படி வளையும் என்ற விதி நம் ஊரில் எழுதப்பட்டது. அதில் எனக்குப் பெரும் பெருமை உண்டு.

இன்று மூப்பு ஆய்வில் பேசப்படும் பெப்டைடுகள் பல. கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்று மூன்றே கண்ணிகள் கொண்ட ஒன்றை 1973-இல் லோரன் பிக்கார்ட் மனித ரத்தப் பிளாஸ்மாவில் கண்டார். நெதர்லாந்தில் 2017-இல் வெளியான ஆய்வு இன்னும் துணிச்சலானது. கிழட்டுச் செல்லுக்குள் ஃபாக்ஸோ4 என்ற புரதம் பி53 என்ற புரதத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் அந்தச் செல் சாகாமல் தங்குகிறது. ஒரு செயற்கைப் பெப்டைடை உள்ளே விட்டு அந்தப் பிடியைப் பிரித்தார்கள். கிழட்டுச் செல்கள் தாமாக மடிந்தன. வயதான எலிகளுக்கு உரோமம் அடர்ந்தது, சிறுநீரகம் மேம்பட்டது.

அவை எலிகள். என் கவலை அங்கேதான். ‘ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல’ என்று ஒட்டிய குப்பிகளை இணையத்தில் வாங்கித் தாமே ஊசி போட்டுக்கொள்வோர் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். குப்பிக்குள் சொன்ன பொருள்தான் இருக்கிறதா, கிருமி நீக்கியதா என்பதற்கு உத்தரவாதமில்லை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. பி53 நம் உடலில் புற்றுநோய்க்குக் காவல் நிற்கும் புரதம். அதன் போக்கில் கைவைக்கும் பொருள் மனிதரில் என்ன செய்யும் என்பதைப் படிப்படியான மருத்துவச் சோதனைதான் சொல்ல முடியும். எலியில் கிடைத்த விடையைக் கொண்டு காரிமங்கலத்து அறுபது வயதுக்காரருக்கு ஊசி போடுவதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன்.

ஆனால் காரிமங்கலம் அரசு மகளிர் கல்லூரியில் அறிவியல் படிக்கும் பெண்கள் இந்தத் துறைக்குள் போக வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அவர்களுக்கு ஒரு செய்தி. 2017-இன் அந்தப் பெப்டைடை உடலின் நொதிகள் சீக்கிரம் வெட்டிவிடாதிருக்க, கண்ணாடிப் பிம்பமான அமினோ அமிலங்களைக் கொண்டு, வரிசையையும் தலைகீழாக்கிக் கட்டினார்கள். அத்தகைய பிம்பச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று பார்க்கப் புது வரைபடம் தேவையில்லை. 1963-இல் சென்னையில் வரைந்ததை 180 டிகிரி திருப்பிவைத்துப் படித்தால் போதும்.