ஏசி வாங்கியாச்சா? மாட்டுறதுக்கு முன்னாடி இவங்ககிட்ட கேட்டீங்களா?

இஎம்ஐ போட்டு ஏசி வாங்கியாச்சு. மறுநாள் காலையிலேயே ட்ரில்லிங் மெஷினோடு இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். சுவரில் ஓட்டை, பால்கனிக்கு வெளியே ஸ்டாண்ட், இரண்டு மணி நேரத்தில் ஜில்லுனு காத்து. இதற்கு நடுவில் யாரிடமாவது அனுமதி கேட்டோமா? பெரும்பாலும் இல்லை.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வீட்டு ஏசியை மாற்றுவதற்கே உள்ளூர் கட்டடத் துறையிடம் பெர்மிட் வாங்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து ஓகே சொன்ன பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. நம் ஊரில் வீட்டுக்கு ஒரு ஸ்ப்ளிட் ஏசி மாட்ட மாநகராட்சி வாசலில் போய் நிற்க வேண்டியதில்லை. 'அப்போ பர்மிஷனே வேண்டாம்ல?' என்று கிளம்பிவிடாதீர்கள். அங்கே ஒரே பெர்மிட்டில் அடங்குவது, இங்கே நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வீட்டு ஓனர்

வாடகை வீடா? முதல் போன் ஓனருக்குத்தான். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் 'சுவரை உடைக்கக் கூடாது, மாற்றம் செய்யக் கூடாது' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஏசி பைப்புக்காகப் போடும் ஓட்டையும் அதில்தான் வரும். "தாராளமா மாட்டிக்கப்பா" என்று ஓனர் வாயால் சொன்னதை, காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிக்கும் நேரத்தில் நிரூபிக்க முடியாது. ஒரு வாட்ஸ்அப் மெசேஜாவது வாங்கி வையுங்கள்.

அசோசியேஷன்

ஃபிளாட் உங்கள் சொந்தமாகவே இருக்கலாம். ஆனால், கட்டடத்தின் வெளிச்சுவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை; அது எல்லோருக்கும் பொது. அவுட்டோர் யூனிட்டை எங்கே வைக்கலாம், தண்ணீர் வடியும் குழாயை எங்கே விடலாம் என்று அசோசியேஷனிடம் கேட்டுவிடுங்கள். கீழ் வீட்டு ஜன்னலில் தண்ணீர் சொட்டினால் அன்றிலிருந்து தினமும் பஞ்சாயத்துதான்.

இது சண்டை சமாசாரம் மட்டுமல்ல. 2024 ஆகஸ்ட்டில் டெல்லி கரோல் பாக் பகுதியில், மாடியிலிருந்து ஏசி அவுட்டோர் யூனிட் விழுந்து, கீழே ஸ்கூட்டரில் இருந்த 18 வயது இளைஞர் இறந்துபோனார். ஒரு அவுட்டோர் யூனிட் சுமார் 25 முதல் 35 கிலோ வரை இருக்கும். துருப்பிடித்த ஸ்டாண்டையும், பூச்சு உதிரும் சுவரையும் நம்பி அதைத் தொங்கவிடுவது யார் தலைக்கு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள்.

ஈ.பி. ஆபீஸ்

இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வரை அனுமதி என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் 'சாங்ஷன் லோடு'. மின் இணைப்பு விவரங்களில் இருக்கும்.

ஒரு சின்ன கணக்கு. 1.5 டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது சுமார் 1.5 கிலோவாட் இழுக்கும். கீசர் 2 கிலோவாட். அயர்ன் பாக்ஸ் 1 கிலோவாட். ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 4.5 கிலோவாட். ஆம்பியர் கணக்கில் கிட்டத்தட்ட 20. பழைய வீட்டின் சாங்ஷன் லோடு 2 கிலோவாட் என்றால், அதற்கு இரண்டு மடங்குக்கும் மேல் இழுக்கிறோம்.

இதற்கு வழி, கூடுதல் மின்சுமை கேட்டு விண்ணப்பிப்பது. மின் வாரிய இணையதளத்திலேயே செய்யலாம். கட்டணமும் டெபாசிட்டும் கட்ட வேண்டியிருக்கும். லோடு அதிகமானால் மூன்று ஃபேஸுக்கு மாறச் சொல்வார்கள். வாடகை வீட்டில் இணைப்பு ஓனர் பெயரில் இருப்பதால், அவர் கையெழுத்து இல்லாமல் இது நகராது.

எலெக்ட்ரீஷியன்

ஏசி மாட்ட வருபவர் எலெக்ட்ரீஷியனாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. "பிளக் பாயின்ட் இருக்குல்ல சார், அதுலயே குத்திக்கலாம்" என்பார். வேண்டாம். வயரிங் வேலையை உரிமம் உள்ள கான்ட்ராக்டரிடம்தான் கொடுக்க வேண்டும் என்கிறது மின் பாதுகாப்பு விதி. 1.5 டன் ஏசிக்குத் தனி லைன், பொதுவாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்.சி.பி., சரியான எர்த் எல்லாம் இருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். ஷாக் அடித்தால் உடனே கரன்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால், அதையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

கேஸ் விஷயத்திலும் கவனம் தேவை. இப்போது வரும் பல ஏசிகளில் இருக்கும் ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. சில மாடல்களில் இருக்கும் ஆர்-290 என்பது புரொப்பேன், நன்றாகவே தீப்பிடிக்கும். கழற்றி மாட்டுவது, கேஸ் நிரப்புவது எல்லாவற்றுக்கும் பயிற்சி பெற்றவரையே கூப்பிடுங்கள். அரை விலைக்கு வருகிறார் என்பதற்காக வேறு ஆளைக் கூப்பிட வேண்டாம்.

கலிஃபோர்னியாக்காரருக்கு வேலை சரியாக நடந்ததா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவார். நமக்கு வரமாட்டார். அதனால் அந்த இன்ஸ்பெக்டர் வேலையையும் நாமேதான் பார்க்க வேண்டும். ஓனர் மெசேஜ், அசோசியேஷன் சம்மதம், லோடு விண்ணப்ப ரசீது, எலெக்ட்ரீஷியன் பில்... நான்கையும் போனில் ஒரே ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அதற்குப் பிறகு ரிமோட்டை எடுங்கள்!