கொழுந்து லொறி ஏன் ஒருபுறம் சாய்கிறது?

மலைநாட்டுத் தோட்டங்களிலே லொறி என்பது வெறும் சுமை வண்டியன்று. மடுவத்தில் நிறுத்த கொழுந்தை, அது நசுங்கிச் சூடேறுமுன் ஸ்டோருக்குச் சேர்ப்பது அதுவே. நள்ளிரவில் பிரசவ வேதனையுற்ற தாயை டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ ஏற்றிச் செல்வதும் பல வேளைகளில் அதுவே. அத்தகைய வண்டி ஒருபுறம் தாழ்ந்து நிற்குமாயின், அது சாரதி ஒருவரின் கவலையோடு முடியும் காரியமன்று. அதில் ஏறும் அனைவரின் உயிரையும் பற்றியதாகும்.

ரயில் பாதை 1884இல் ஹற்றனையும் 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. ஆயினும், நிலையத்திலிருந்து தோட்டம் வரையுள்ள ஏற்ற இறக்கத்தை ரயில் தீர்த்து வைக்கவில்லை. அன்று மாட்டு வண்டியும், பின்னர் மோட்டார் லொறியும், இன்று அதனோடு பிக்கப் வண்டியும் டிராக்டரும் அவ்வழியே ஏறி இறங்குகின்றன. 2020ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளே மேலும் மேலும் உழைக்க நேர்ந்தது. அவ்வாறு உழைத்துத் தளர்ந்த வண்டியின் முறையீடுகளுள் ஒன்றே இச்சாய்வு.

சாய்வினால் வரும் கேடு

மழைநீர் வடியும்பொருட்டு வீதிகளைப் பெரும்பாலும் நடுவில் உயர்த்தி, இருபுறமும் சரித்து அமைப்பர். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறமாகச் செல்வதால், இடச் சில்லுகள் எந்நாளும் சற்றுத் தாழ்ந்த தடத்திலே ஓடுகின்றன. பள்ளம் இடப்புறம் இருக்க, பாதை வலப்புறமாக வளையும் ஓரிடத்தை நினைத்துப் பாருங்கள். திரும்பும் வண்டியின் பாரம் வெளிப்புறமாக, அதாவது இடப்புறமாகச் சாரும். வண்டி முன்னரே இடப்புறம் தாழ்ந்திருந்தால், வீதியின் சரிவும் வண்டியின் சாய்வும் வளைவின் உந்துதலும் ஒரே திசையில், பள்ளத்தை நோக்கியே கூடுகின்றன. கொழுந்துச் சாக்குகளை உயர அடுக்கி, அவற்றின்மேல் ஆட்களும் அமர்ந்துவிட்டால் ஆபத்து மேலும் பெருகும்.

2025 மே 11ஆம் திகதி, றம்பொடைக்கு அண்மையில் கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாய்வே அதற்குக் காரணம் என்று நாம் கூற வரவில்லை. இப்பாதைகளில் வண்டி தடம் தவறினால் நேரும் விளைவு எத்தகையது என்பதை உணர்த்தவே அதனைக் குறிப்பிட்டோம்.

முதலில் நிலத்தைச் சோதிக்க

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்னரே மருந்து கொடுக்கவேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த முறை. வண்டி வைத்தியத்திற்கும் அதுவே நெறி. ஆனால் நடப்பது யாது? வண்டி சாய்ந்ததும், தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூட்டிவிடுகிறார்கள். காசும் போகிறது, காரணமும் மறைந்துவிடுகிறது.

முதலில் வண்டியைச் சுமையின்றி, ஸ்டோர் முற்றம் போன்ற சமதளத்தில் நிறுத்துக. முற்றம் உண்மையிலே சமமானதுதானா? கொத்தனார்கள் கையாளும் தண்ணீர்க் குழாயினால் மட்டம் பார்க்கலாம். அதனினும் எளிய வழி ஒன்றுண்டு. சாய்வைக் குறித்துக்கொண்டபின், வண்டியைத் திருப்பி, அதே இடத்தில் மறுமுகமாக நிறுத்துக. முன்பு இடப்புறம் தாழ்ந்த வண்டி இப்போது வலப்புறம் தாழ்ந்தால், குற்றம் நிலத்தினுடையது, வண்டி நிரபராதி.

மூன்று அளவுகள்

அடுத்து, அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு டயர்களும் உரிய அளவினவா, காற்று உரிய அளவில் உள்ளதா என்று பார்த்தபின் இருபுறமும் மூன்று அளவுகளை எடுக்கவேண்டும்.

முதலாவது, நிலத்திலிருந்து சில்லின் மேலுள்ள மட்காட்டின் விளிம்பு வரை. இரண்டாவது, சில்லின் நடுவிலிருந்து அதே விளிம்பு வரை. மூன்றாவது, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலேயுள்ள சேஸி வரை. முதல் அளவில் மட்டும் வேற்றுமை காணப்பட்டு, மற்ற இரண்டும் ஒத்திருந்தால் குற்றம் டயரில் உள்ளது. முதலிரண்டும் வேறுபட்டு மூன்றாவது ஒத்திருந்தால், ஸ்பிரிங் நன்றாக உள்ளது. மேலுள்ள கூடோ அதனைத் தாங்கும் ரப்பரோதான் கெட்டிருக்கிறது. மூன்றாவது அளவிலும் வேற்றுமை இருந்தாலன்றி ஸ்பிரிங்கின்மேல் கைவைக்க வேண்டியதில்லை.

தாழ்ந்த மூலைதான் குற்றவாளியா?

நான்கு கால் நாற்காலியில் ஒரு கால் குறுகினால், அது மூலைக்கு மூலையாக ஆடுவதைக் கண்டிருப்பீர்கள். வண்டியும் அவ்வாறே. சேஸி விறைப்பான சட்டமாதலால், முன்புறக் குற்றம் பின்புறத்தையும் சாய்க்கும்; பின்புறக் குற்றம் முன்புறத்தையும் சாய்க்கும்.

குற்றம் முன்னதா பின்னதா என்றறிய ஓர் உபாயம் உண்டு. முன் சில்லுகளுக்கு முட்டுக்கட்டை கொடுத்து, பின்னச்சின் நடுவில் ஜெக்கை வைத்துப் பின்சில்லுகள் இரண்டும் நிலத்தைவிட்டு எழும்வரை உயர்த்துக. இப்போது பின்புறம் ஒரே புள்ளியில் நிற்கின்றது. வண்டியை இப்பக்கமோ அப்பக்கமோ சாய்க்கும் வலிமை அதற்கில்லை. வண்டி நிமிர்ந்தால் குற்றம் பின்புறத்தில்; சாய்வு மாறாதிருந்தால் குற்றம் முன்புறத்தில். ஜெக்கை மட்டும் நம்பி எவரும் வண்டியின்கீழ் நுழையலாகாது என்பதை இங்கே வற்புறுத்துகிறோம். இச்சோதனையை அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரே செய்தல் வேண்டும்.

ஸ்பிரிங் சொல்லும் கணக்கு

ஸ்பிரிங் தன்மேல் ஏறும் பாரத்திற்கேற்ப வளைந்து கொடுக்கும் என்ற விதியை ஆங்கில விஞ்ஞானி ரொபட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்டார். மாணவர்கள் இதனை வீட்டிலேயே காணலாம். பிளாஸ்டிக் அடிமட்டம் ஒன்றை மேசை விளிம்பில் நீட்டிப் பிடித்து, நுனியில் நாணயங்களைக் கட்டித் தொங்கவிட்டு, எவ்வளவு வளைகிறதென அளந்து பாருங்கள். இரண்டு அடிமட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், அதே பாரத்திற்கு ஏறக்குறைய பாதியளவே வளையும். லொறியின் ஸ்பிரிங் பட்டைகளை அடுக்கி வைப்பதன் தத்துவமும் இதுவே.

ஒரு பக்க ஸ்பிரிங் 100 கிலோவுக்கு 1 சென்டிமீற்றர் தாழ்வதாகக் கொள்வோம். 400 கிலோ ஏறினால் 4 சென்டிமீற்றர் தாழும். மறுபக்க ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்து, அதன் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால், 80 கிலோவுக்கே 1 சென்டிமீற்றர் தாழும். 400 கிலோவுக்கு 5 சென்டிமீற்றர் ஆகும். 100 கிலோ மட்டும் இருக்கையில் வேற்றுமை கால் சென்டிமீற்றர்தான், கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் வெறும் வண்டியை அளந்ததோடு நில்லாமல், சுமையை நடுவே சமமாக ஏற்றியும் அளக்கவேண்டும். சுமை ஏற ஏறச் சாய்வு வளர்ந்தால் பட்டை உடைந்திருக்கலாம். சுமை ஏறியும் சாய்வு மாறாதிருந்தால், ஸ்பிரிங் நாட்பட்டு வளைவிழந்து படுத்துவிட்டது என்று ஐயுறலாம்.

உடைவு பெரும்பாலும் யூ போல்ட்டுகளுக்கு நடுவே, சென்டர் போல்ட் துளையருகில் மறைந்திருக்கும். சென்டர் போல்ட் அறுந்தால் அச்சு ஒருபக்கம் நகரும். முன்சில்லின் நடுவிலிருந்து பின்சில்லின் நடுவரை இருபுறமும் அளந்து பார்த்தால் அது வெளிப்படும்.

மறைக்கும் வைத்தியம்

சாய்வைக் கண்டதும் ஷொக் அப்சோபரை மாற்றுவோர் உண்டு. சாதாரண எண்ணெய் ஷொக் வண்டியின் ஆட்டத்தை அடக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்குவதில்லை. அது கெட்டால் வண்டி துள்ளும், சாயாது. சில பிக்கப் வண்டிகளின் முன்புறத்தில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்குக் கம்பி உள்ளது. அதன் போல்ட்டைத் திருகினால் அந்தப் பக்கம் உயரும். காரணமறியாமல் அதனைத் திருகுவது காய்ச்சற்காரனின் நெற்றியில் ஈரத்துணி போடுவதை ஒக்கும். பார்வைக்குச் சுகம், நோய் உள்ளேயே இருக்கும். மாற்றவேண்டிய ஸ்பிரிங்கை இருபுறமும் ஒருங்கே மாற்றுவதே முறை. புதியதும் பழையதும் ஒத்து வளைவதில்லை.

இத்தனை சோதனைக்கும் வேண்டுவன ஓர் அளவு நாடாவும், ஒரு காற்றுமானியும், அரைமணி நேரமுமே. வண்டி நன்றாயிருக்கும்போதே நான்கு மூலைகளையும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைப்பது நன்று. மாதத்தின் முதல் நாளில் மீண்டும் அளந்தால், கண்ணுக்குத் தெரியாத சாய்வையும் இலக்கம் காட்டிக்கொடுக்கும். எழுத்தறிந்த பிள்ளைகள் உள்ள ஒவ்வொரு லயத்திலும் இக்கொப்பியை எழுத ஒருவர் கிடைப்பாரன்றோ?