லாரி கிளம்பினப்போ 5, பணம் வந்தப்போ 18

தானா நகரும் ஒர்க்ஃப்ளோவில் விதி மாறினால், பாதி வழியில் நிற்கும் ஃபைல்களை என்ன செய்வது? மந்தாரக்குப்பத்துக்காரன் உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 2025 செப்டம்பர் 22 அன்று பழுப்பு நிலக்கரிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 18 ஆனது. டன்னுக்கு 400 ரூபாயாக இருந்த இழப்பீட்டு செஸ் அன்றே நின்றது. (டன் விலை 2000 ரூபாய்னு வச்சுக்குங்க. முன்பு வரி 100, செஸ் 400, ஆக 500. இப்போ 360 தான். வீதம் ஏறியும் வரி குறைஞ்சிருக்கு!)

ஆர்டர், எடை, இன்வாய்ஸ், ஒப்புதல், பணம்னு போகிற புரோகிராமில் பலர் முதலில் எழுதுவது ஒரே வரி: இன்றைய தேதி 22 அல்லது அதற்கு மேல் என்றால் 18. இது தப்பு. எந்தத் தேதி என்பதுதான் கேள்வியே.

ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்குப் பதில் வச்சிருக்கு. சரக்கு போன நாள், இன்வாய்ஸ் நாள், பணம் வந்த நாள் என மூன்றைப் பார்க்கும். சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும் சாரம் இதுதான்: மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுதோ, அந்த வீதம். 20ஆம் தேதி லாரி கிளம்பி, அன்றே இன்வாய்ஸ் போட்டு, பணம் அக்டோபரில் வந்தால் பழைய வீதம். லாரி மட்டும் 20இல் கிளம்பி, மற்ற இரண்டும் 22க்கு அப்புறம் என்றால் 18. சட்டம் எழுதினவங்களுக்குள்ள ஒரு நல்ல புரோகிராமர் இருந்திருக்கணும்னு தோணுது.

ஆக, ஒவ்வொரு ஃபைலும் தன் மூன்று தேதிகளையும், எந்த விதிப் பதிப்பில் ஓடுகிறது என்பதையும் கூடவே சுமக்கணும். எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் புதிய பதிப்புக்கு மாற்றினால், பழைய வீதத்துக்குரியவையும் 18இல் போய் விழும். அப்புறம் வாங்கினவரோட சண்டைதான்.

இன்னும் சிக்கல், செஸ் கணக்கிடும் படி. இனி வேண்டாமே என்று அதை அழிச்சா, பழைய வீதத்தில் இருக்கும் ஃபைல்கள் அடுத்த படிக்கு நகர வழியில்லாமல் நிற்கும். புதுசா தொடங்குவதற்கு அந்தக் கதவை மூடலாம். உள்ளே இருப்பவை வெளியேறும் வரை இடிக்கக் கூடாது. எல்லாம் வெளியேறின பிறகும்கூட, செப்டம்பர் 10 இன்வாய்ஸுக்கு நவம்பரில் ஒரு கிரெடிட் நோட் வரும். அதுக்கும் 5 சதவீதமும் அந்த 400 ரூபாயும்தான்.