திருகை இறுக்கிய பிறகே அளவு

பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம் நிறமாலைமானிச் சோதனையைப் பற்றிக் கேட்டால், பலரும் சொல்வது ஒன்றுதான்: "விடை வரவே மாட்டேங்குது." சோடிய விளக்கின் மஞ்சள் ஒளிக்கு 589.3 நானோமீட்டர் என்கிறது புத்தகம். இவர்களுக்கோ 580 வருகிறது, அல்லது 600 வருகிறது. கடைசியில் சிலர் அளவீடுகளைத் தாங்களே திருத்தி எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அளவை, நிறுவையில் மோசடி செய்வது எவ்வளவு பெரிய பாவம் என்பதை நாம் அறிவோம். இதுவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் பல நேரங்களில் பிழை பிள்ளைகளின் கண்ணில் இல்லை, கருவியை உறுதியாகப் பொருத்தாததில்தான் இருக்கிறது.

நிறமாலைமானி அலைநீளத்தை நேரடியாக அளப்பதில்லை, கோணத்தைத்தான் அளக்கிறது. அங்குலத்திற்கு 15,000 கோடுகள் கொண்ட கீற்றணியில், முதல் வரிசையில் மஞ்சள் ஒளி சுமார் 20 டிகிரி விலகும். அந்த மஞ்சளும் ஒரே கோடன்று, 589.0, 589.6 என இரண்டு. அவற்றின் இடைவெளி ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். 10 செ.மீ. ஆரமுள்ள வட்ட அளவுகோலில் இது 0.04 மி.மீ.கூட இல்லை, தலைமுடியின் பருமனைவிடக் குறைவு! தளர்ந்த திருகு ஒன்று போதும், இதைப் போலப் பல மடங்கு நகர்ந்துவிடும்.

இந்த நுட்பம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஹீலியமே சாட்சி. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது, குண்டூரில் ஜான்சென் உட்பட இந்தியாவில் பலர் சூரியனின் நிறமாலையைப் பார்த்தார்கள். அதில் தெரிந்த மஞ்சள் கோட்டைச் சோடியம் என்றே சிலர் எண்ணினர். அது 587.6-இல் இருக்கிறது, சோடியத்தின் இடத்தில் இல்லை என்பது கவனமாக அளந்த பிறகே உறுதியானது.

கருவி அசையக்கூடாது என்பதை இப்னு அல்-ஹைஸம் (ரஹ்) ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். ஒளிவிலகலை அளக்க அவர் விவரித்த கருவி, விளிம்பில் கோண அளவுகள் குறிக்கப்பட்ட தடித்த செம்புத் தட்டு. மெல்லிய தகடு வளைந்துவிடும் அல்லவா?

ஆகவே, ஆட்டமில்லாத கனமான மேசையைத் தேர்ந்தெடுங்கள். மூன்று மட்டத்திருகுகளையும் சரிசெய்து, இரசமட்டத்தால் சோதியுங்கள். கீற்றணியைப் பிடிப்பானில் அசையாமல் நிறுத்துங்கள்; கண்ணாடி என்பதால் நெரிக்க வேண்டாம். பிறகு வெர்னியர் மேடையின் திருகை இறுக்குங்கள். மாணவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். தொலைநோக்கியின் நுண்திருகும், அதன் பிடிப்புத் திருகை இறுக்கினால்தான் வேலை செய்யும். விளக்கை ஒருமுறை வைத்தபின் தொடாதீர்கள்.

முதலில் நேர்க்கதிரின் அளவைக் குறித்துக்கொண்டு, சோதனை முடிந்ததும் தொலைநோக்கியை அதே இடத்திற்குத் திருப்பி மீண்டும் பாருங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் இடையில் ஏதோ நகர்ந்திருக்கிறது. அந்த அளவீடுகளை அடித்துவிட்டு, திருகுகளைச் சரிபார்த்து, முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.