நட்சத்திரம் மங்கினால் அது கோளா? மெஷின் எப்படிச் சொல்கிறது?

நீங்க ஒரு வேலைக்கு அப்ளை பண்றீங்க. உங்க ரெஸ்யூமை முதலில் பார்ப்பது ஒரு சாஃப்ட்வேர். அது ஒதுக்கிவிட்டால், ஹெச்.ஆர் கண்ணிலேயே நீங்க படமாட்டீங்க. இன்றைய வானியலில் நட்சத்திரங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான்.

2009-ல் ஏவப்பட்ட நாசாவின் கெப்ளர் தொலைநோக்கி, நான்கு ஆண்டுகள் வானத்தின் ஒரே பகுதியில் சுமார் 1.5 லட்சம் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்தது. ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முன்னால் கடந்தால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். கொஞ்சம்னா எவ்வளவு? நம் பூமி சூரியனைக் கடப்பதைத் தொலைவிலிருந்து பார்த்தால், சூரிய ஒளியில் சுமார் 12,000-ல் ஒரு பங்குதான் குறையும். இரட்டை நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைத்தாலும், கருவி தடுமாறினாலும் இதே மாதிரி சரிவு தெரியும். அதுதான் தலைவலி.

சரி, இதுல மெஷின் லேர்னிங்குக்கு என்ன வேலை? கூகுளின் கிறிஸ்டோபர் ஷாலூவும் வானியலாளர் ஆண்ட்ரூ வாண்டர்பர்கும், ஏற்கெனவே 'இது கோள், இது இல்லை' என்று குறித்துவைக்கப்பட்ட 15,000 கெப்ளர் சிக்னல்களை ஒரு நியூரல் நெட்வொர்க்குக்குக் காட்டினார்கள். விதி எதுவும் எழுதித் தரவில்லை. வித்தியாசத்தை அதுவே பிடித்துக்கொண்டது. சோதனையில் 96% சரி.

பிறகு 670 நட்சத்திரங்களின் பலவீனமான சிக்னல்களை அதனிடம் கொடுத்தார்கள். 2017 டிசம்பரில் 'கெப்ளர்-90 ஐ' என்ற கோள் அறிவிக்கப்பட்டது. அதன் நட்சத்திரத்தின் எட்டாவது கோள் அது. எண்ணிக்கையில் நம் சூரியக் குடும்பத்துக்குச் சமம். ஆனா மெஷின் சொன்னதுமே அறிவித்துவிடவில்லை. அந்தச் சரிவுக்கு வேறு காரணம் இருக்குமா என்று ஆய்வாளர்கள் சரிபார்த்த பிறகுதான் வெளியே சொன்னார்கள்.

அதே கெப்ளர் டேட்டாவில் இன்னொரு கதையும் உண்டு. 'டாபியின் நட்சத்திரம்' எந்த ஒழுங்கும் இல்லாமல், சில சமயம் 22% வரை மங்கியது. சீரான இடைவெளியில் வரும் சரிவுகளைத் தேடிய புரோகிராம்களுக்கு இது பிடிபடவில்லை. 'பிளானட் ஹன்டர்ஸ்' திட்டத்தில் வரைபடங்களைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த தன்னார்வலர்கள்தான் கண்டுபிடித்தார்கள். அவை மெஷின் லேர்னிங் இல்லை, வழக்கமான புரோகிராம்கள்தான். ஆனால் பிரச்சினை ஒன்றே: பழக்கிய உருவத்தைத்தான் தேடும்.

அதுக்காக எல்லாத்தையும் மனிதர்களே பார்க்கவும் முடியாது. சிலியிலுள்ள வேரா ரூபின் ஆய்வகம், வானில் மாறியவை பற்றி ஓர் இரவில் 1 கோடி அலெர்ட் வரை அனுப்பும்படி வடிவமைக்கப்பட்டது. வடிகட்டாமல் வழியே இல்லை. அதனால், 'எதைப் போலவும் இல்லாததை எடுத்துக் காட்டு' என்று கேட்கும் மாடல்களையும் வானியலாளர்கள் உருவாக்கி வருகிறார்கள். அப்படித் தேடினால் கேமரா கோளாறும் செயற்கைக்கோள் கோடும்கூட விசித்திரம் என்றே வந்து நிற்கும். அதைப் பிரித்துப் பார்க்க இப்போதைக்கு ஆள்தான் உட்காரணும்.